செத்த பிறகு சிரிக்க வேண்டும்

கமலவேணிக்குச் சாவது ஒன்றும் புதிதில்லை. குண்டு பட்டு, விஷம் குடித்து, மாடிப்படியில் உருண்டு, ரயில் பாலத்திலிருந்து விழுந்து, சொந்தக் கூட்டாளி கையாலேயே கழுத்து நெரிபட்டு என்று விதவிதமாகச் செத்தவள். கறுப்பு வெள்ளைக் காலத்து மர்மப் படங்களில் கள்ளநோட்டுக்காரனின் காதலி, கிளப்பில் ஆடுகிறவள், பணக்காரக் கிழவனைக் கட்டிக்கொண்டு அவன் பாலில் எதையோ கலக்கிறவள் என்றால், கூப்பிடு கமலவேணியை. அப்படிப்பட்டவள் கடைசி ரீலில் ஒழியாவிட்டால் தாய்மார்கள் கூட்டம் வராது என்பது தயாரிப்பாளர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இவள் இருந்தபோது திட்டினார்கள், இறந்தபோதுதான் கைதட்டினார்கள். ஆனால் அப்போதெல்லாம் தரையில் சாவாள், கட் சொன்னதும் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். இப்போது எழுபத்தெட்டு வயதில், சாலிக்கிராமத்தில் ஷூட்டிங்குக்கு விடுகிற ஒரு வீட்டின் கூடத்தில், கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டிக்குள் மல்லாந்து கிடக்கிறாள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்த கட்டு. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. மார்பு மேல் ரோஜா மாலை. மூக்கில் பஞ்சு வைக்க மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "பஞ்சு வச்சா தும்மல் வரும்ப்பா" என்று காலையில் டைரக்டர் கௌதமனிடம் சொன்னாள். தும்மலாவது ஒன்றாவது. பயம். சுற்றி வளைப்பானேன், அடிவயிற்றில் ஐஸ் கட்டியை வைத்து அழுத்துகிற மாதிரி பயம். வருகிற வியாழக்கிழமை அவள் நெஞ்சைப் பிளந்து வால்வு மாற்றப்போகிறார்கள். அது இந்த யூனிட்டில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லியிருந்தால் இந்த வேஷம் வேறு யாருக்காவது போயிருக்கும்.

மகள் சுகந்திக்கும் தெரியாது, அதாவது ஆபரேஷன் தெரியும், பெட்டி தெரியாது. "பாட்டி வேஷம்டி, ஊஞ்சல்ல உக்காந்து வெத்தலை போடணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பொய் சொல்வதில் பழகிய வாய். ஆனால் வெற்றிலையாவது போட்டிருக்கலாம், வாயைத்தான் கட்டிவிட்டார்களே. இந்தக் கட்டு கொஞ்சம் இறுக்கம். இறுக்கம் என்று சொல்லலாமென்றால் மூடியைப் போட்டாகிவிட்டது. "அம்மா, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், மூச்சு மட்டும் கம்மியா விடுங்க, கண்ணாடில ஆவி படிஞ்சா மாட்டிக்குவோம்" என்று கௌதமன் குனிந்து சொன்னான். கம்மியாக விட வேண்டுமாம். அவளுக்கு இப்போதெல்லாம் மூச்சு வருவதே கம்மிதான். பெட்டியின் குளிர் மிஷினைக் குறைவாகத்தான் ஓட விட்டிருக்கிறார்கள், இருந்தாலும் முதுகு வழியாகச் சில்லிப்பு ஏறுகிறது. பெட்டி வேறு நிஜப் பெட்டி. கொண்டுவந்த ஆள் மேக்கப் ரூம் வாசலில் நின்றுகொண்டு போனில், "காலைலதாண்ணே வில்லிவாக்கத்துல எடுத்தாங்க, நேரா இங்க வந்துட்டேன்" என்று யாருக்கோ சொன்னது அவள் காதில் விழுந்தது. காது மட்டும் இன்னும் கூர்மை, பாழாய்ப்போன காது. யாரை எடுத்தார்கள்? ஆணா, பெண்ணா? என்ன வயசு? டெட்டால் போட்டுத் துடைத்திருக்கிறான், அதற்கு அடியில் ஊதுபத்தி, அதற்கும் அடியில் இன்னொரு வாசனை, அது அவள் மாலையிலிருந்து வருகிற ரோஜா இல்லை, வேறு ரோஜா. வில்லிவாக்கத்து ரோஜா. அந்த மனுஷனோ மனுஷியோ தலை வைத்த இடத்தில்தான் இவள் தலை இருக்கிறது. அவர்களும் வியாழக்கிழமை என்று ஏதாவது நாள் குறித்து வைத்திருந்தார்களோ என்னவோ. சீ, நினைக்காதே. ஆனால் நினைக்காதே என்றால் நினைக்காமல் இருக்க மனம் என்ன வேலைக்காரியா. டாக்டர் சின்னப் பையன், அழகாகப் பேசினான். "கொஞ்ச நேரம் ஹார்ட்டை நிறுத்தி வச்சுத்தாம்மா பண்ணுவோம். அந்த நேரம் மிஷின் பாத்துக்கும். அப்புறம் ஓட விட்டுடுவோம்." ஓடலேன்னா என்று கேட்டாள். அவன் சிரித்தான். "ஓடும்மா." எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். கேமராவைத்தான் அப்படி நிறுத்துவார்கள், ஓட விடுவார்கள். கேமராவே சில நாள் மக்கர் பண்ணும்.

வெளியே "ரோலிங்" என்று குரல் கேட்டது. மருமகளாக நடிக்கிற பெண் பெட்டியின் மேல் விழுந்து அலற ஆரம்பித்தாள். நல்ல தொண்டை. கண்ணாடி அதிர்ந்தது, அந்த அதிர்ச்சி நெற்றிக் காசில் இறங்கி மண்டைக்குள் போயிற்று. அத்தே, அத்தே, என்னை விட்டுப் போயிட்டீங்களே. போகவில்லையடி, இங்கேதான் இருக்கிறேன். கமலவேணி மூச்சைப் பிடித்தாள். பிடித்த மூச்சுக்கு உள்ளே நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது, பழைய தையல் மிஷின் மாதிரி, இரண்டு தையல் சரியாக விழுந்து மூன்றாவது தவறுகிறது. தவறுகிற இடத்தில்தான் அவள் உயிர் ஒவ்வொரு தடவையும் நின்று பார்த்துவிட்டு வருகிறது. இப்போது நிஜமாகவே நின்றுவிட்டால் இவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆவி படியவில்லை என்று சந்தோஷப்படுவார்கள். அம்மா பிரமாதம், தத்ரூபம் என்று சொல்லி இன்னொரு கோணத்தில் எடுப்பார்கள். சாப்பாட்டு நேரம் வந்து எழுப்பும்போதுதான் தெரியும். அதுவரைக்கும் நடிப்பென்று நினைத்துக்கொண்டு இந்தப் பெண் அலறிக்கொண்டிருப்பாள். இதை நினைத்ததும் கை நடுங்கப் பார்த்தது. நடுங்கினால் ஷாட் போயிற்று. நடுங்காதே என்று கைக்குச் சொன்னாள். கை கேட்டது. அறுபது வருஷத்துப் பழக்கம், மனம் கேட்காததைக்கூட உடம்பு கேட்கும். மேனன் சார் இருந்தால் இதைப் பார்த்துத் தலையை ஆட்டியிருப்பார்.

கேமராமேன் மாதவ மேனன். வெளிச்சத்தைக் கொடுத்து எல்லோரையும் அழகாக்கினார்கள் மற்றவர்கள், அவர் வெளிச்சத்தைப் பிடுங்கி அவளை அழகாக்கினார். ஒரு விளக்கு, அதற்கு முன்னால் ஜன்னல் பலகை, பட்டை பட்டையாக நிழல், அதில் ஒரு கண் மட்டும். "பாதி முகம் மதி கமலம், அது போதும், மத்த பாதியை ஜனங்கள் பயந்துகொண்டே தேடட்டும்" என்பார் மலையாளம் கலந்த தமிழில். அந்தப் பாதி முகத்துக்காக ஊர் ஊராகப் பயந்தார்கள். ஒரு தடவை திருச்சியில் புடவைக் கடைக்குள் அவள் நுழைந்ததும் ஒரு பெண் கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். கமலவேணி அதை நினைத்து அந்த வருஷம் முழுக்க சந்தோஷப்பட்டாள். அந்த மேனன் சார்தான் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் செத்தாலும், செத்த ஷாட் ஓகே ஆனதும், கேமராவை நிறுத்த மாட்டார். செத்தவர் அப்படியே கிடந்தபடி கண்ணைத் திறந்து, லென்ஸைப் பார்த்து, வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அதன் பிறகுதான் கட். "யமனுக்குக் காட்டணும், இது சும்மா கதை, ஆள் இங்கேதான் இருக்காள்னு. இந்தத் துண்டு படத்துக்குப் போகக் கூடாது கேட்டோ. படத்துல ஒட்டினால் அதுவும் நடிப்பாயிடும். நடிப்பை யமன் நம்ப மாட்டான்." எடிட்டிங் ரூமில் அந்தச் சிரிப்புகளைத் தானே கையால் வெட்டித் தனியாக எடுத்து அழித்துவிடுவார். கமலவேணி முதல் தடவை வெட்கப்பட்டுக்கொண்டு பல் தெரியாமல் சிரித்தாள். "இது போதாது, யமன் கிழவன், கண்ணு மங்கல், பெரிசா சிரி" என்றார். பிறகு பழகிவிட்டது. சாகும்போதே, வயிற்றில் சிவப்புச் சாயம் ஊறிக்கொண்டிருக்கும்போதே, சிரிப்பு உள்ளே தயாராகக் குறுகுறுக்கும். வில்லன் வேஷம் போடுகிற ஜம்புலிங்கம்தான் முரண்டு பண்ணினார். மேடையேறி மூடநம்பிக்கையைக் கிழிக்கிற ஆள். "மேனன், உங்க யமனை எங்கிட்ட வந்து பேசச் சொல்லுங்க" என்று எழுந்து விக்கைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார். அதே வாரம் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் அவர் கார் புளியமரத்தில் மோதியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அவள் எத்தனையோ தரம் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒழுங்காகச் சிரித்தவர்களும் போய்விட்டார்களே, மேனன் சாரே போய்விட்டாரே. ஆனால் அவர்கள் கட்டிலில் படுத்து, மக்கள் சுற்றி நிற்க, வயசாகிப் போனார்கள். ஜம்புலிங்கத்தைப் புளியமரத்திலிருந்து பிய்த்தெடுத்தார்கள். இரண்டும் ஒன்றா?

"கட். இன்னொண்ணு போலாம்" என்றது கௌதமனின் குரல். மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தள்ளிப்போனாள். உதவி டைரக்டர் ஜெனிஃபர், நல்ல பெண், கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, "அம்மா, ஓகேவா? ஓகேன்னா சுண்டுவிரலை ஆட்டுங்க" என்றாள். ஆட்டினாள். ஆட்டாமல் இருந்திருக்கலாமோ. ஆட்டாமல் இருந்தால் திறந்திருப்பார்கள், அப்போது கேட்டிருக்கலாம். காலையிலிருந்து கேட்க நினைக்கிறாள். தம்பி, இதெல்லாம் முடிஞ்சதும் ஒரு சிரிப்பு எடுத்துக்கோப்பா. அவ்வளவுதானே, இதற்கென்ன தயக்கம். இட்லி சாப்பிடும்போது வாய்வரைக்கும் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பூசணிக்காய் உடைக்கிறார்கள், எலுமிச்சம்பழம் கட்டுகிறார்கள், இதைக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். சிரிக்க மாட்டார்கள், ஆனால் ஏன்மா, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்பார்கள். அப்போது அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஊரையே ஏமாற்றின முகம், இப்போது ஒரு குழந்தையைக்கூட ஏமாற்றாது. அதனால் கேட்கவில்லை. கேட்காமல் பெட்டிக்குள் ஏறினாள். ஏறும்போதே தெரிந்துவிட்டது, தப்புப் பண்ணுகிறோம் என்று. அந்தக் காலி கேமரா மாதிரி. அதை இப்போது நினைக்கக் கூடாது. ஆனால் வந்துவிட்டது. அவளுடைய கடைசிப் படம். மாடிப்படியில் தலைகீழாகக் கிடந்து செத்தாள், தலைமயிர் மூன்று படிக்கு வழிய. ஃபிலிமுக்குக் கடும் பஞ்சம் இருந்த வருஷம், அடிக்கணக்கில் கெஞ்சி வாங்குவார்கள். "ஓடுது கமலம், சிரி" என்றார் மேனன் சார். சிரித்தாள், படி அதிரச் சிரித்தாள். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் மேனன் சாரின் பழைய அசிஸ்டென்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாயசத்தைக் குடித்துக்கொண்டே சொன்னான்: "அன்னைக்குக் கேமரா மேகஸின்ல ஃபிலிமே இல்லக்கா. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சார் சும்மா ஓட்டினாரு." கமலவேணி இலையை மூடிவிட்டு எழுந்தாள். அந்தப் படத்துக்குப் பிறகு அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. கலர் வந்துவிட்டது, கலரில் நிழலுக்கு வேலை இல்லை, ரோஸ் கன்னம் கேட்டார்கள், அதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவளுக்குத் தெரியும். யமன் வந்து பார்த்தான், சிரிப்பைக் காணோம், உயிரை எடுக்க மனசு வராமல் தொழிலை எடுத்துக்கொண்டு போனான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான், ஒப்புக்கொள்கிறாள். அரளாமல் எப்படி இருப்பது, அதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

மறுபடி ரோலிங். மறுபடி அத்தே. இந்தத் தடவை மருமகளின் கண்ணீர் நிஜமாகவே கண்ணாடியில் சொட்டியது, டொக் என்று, அவள் இமைக்கு நேர் மேலே. இமை துடிக்கப் பார்த்தது. துடிக்காதே. கண்ணுக்காகத்தான் கூப்பிட்டான் கௌதமன், வீட்டுக்கு வந்து காலில் விழுந்து, "சின்ன வயசுல டிவில உங்க கண்ணைப் பாத்து பயந்து தலகாணிக்கடியில ஒளிஞ்சிருக்கேம்மா" என்றான். கண்ணுக்காகக் கூப்பிட்டுக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்கிறான், இது என்ன நியாயமோ. அன்றைக்கு அவள் அதைக் கேட்கவில்லை. வாசலில் ஒரு டைரக்டர் வந்து நிற்கிறான், அவள் பெயரைச் சரியாகச் சொல்கிறான், அது போதுமாக இருந்தது. வியாழன் வரும் என்று அப்போதே தெரியும். தெரிந்தும் சரி என்றாள். பிணமாகவாவது. பிணமாகவாவது என்ற வார்த்தை இப்போது பெட்டிக்குள் எதிரொலித்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று? மூச்சு முட்டுகிறது. இல்லை, முட்டவில்லை, முட்டுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு தையல், ஒரு தவறல். ஒரு தையல், ஒரு தவறல். "கட்" என்றார்கள். "ஓகே, சூப்பர்." காலடிகள் எல்லாம் மானிட்டர் பக்கம் போயின. அவ்வளவுதான். முடிந்தது. யாரும் சிரி என்று சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. கமலவேணி கண்ணைத் திறந்தாள். கண்ணாடி முழுக்க அவள் மூச்சு, அதற்கு மேலே மங்கலாக ஃபேன். ஜெனிஃபர் என்று கூப்பிட்டாள், தாடைக்கட்டுக்குள் அது ஒரு முனகலாகச் செத்தது. கையைத் தூக்கிக் கண்ணாடியில் தட்டினாள். மாலை நழுவி முகத்தில் விழுந்தது. ஈரம், வாசனை, வில்லிவாக்கம். கால் விரல்கள் பிரிய மாட்டேன் என்றன. ஐயோ, சுகந்தி. ஐயோ, மேனன் சார். யாராவது திறங்களேன், நான் இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்.

மூடி திறந்தது. காற்று வந்தது, சாம்பார் வாசனையோடு. ஜெனிஃபரின் முகம். "சாரிம்மா, சாரி, உடனே திறந்திருக்கணும்." கட்டை அவிழ்த்ததும் கமலவேணி கேட்ட முதல் வார்த்தை தண்ணீர் இல்லை. "அவனைக் கூப்பிடு. கேமராவை எடுத்து வைக்க வேணாம்னு சொல்லு." கௌதமன் ஓடி வந்தான். அவள் எழுந்திருக்கவில்லை, அப்படியே கிடந்தபடி சொன்னாள்: "தம்பி, எங்க காலத்துல ஒரு வழக்கம். செத்தவங்க கண்ணைத் திறந்து சிரிக்கிற மாதிரி ஒரு துண்டு எடுப்பாங்க. படத்துக்கு இல்ல. எடுத்துட்டு அழிச்சிடணும். எனக்காக எடு." அவன் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மட்டில் நல்ல பிள்ளை. "இப்பவே எடுக்கலாம்மா" என்றான். "நெஜமாவே ஓடணும்" என்றாள் அவள். "முடிஞ்சதும் எனக்குப் போட்டுக் காட்டணும்." மறுபடி மாலை, மறுபடி காசு. தாடைக்கட்டு வேண்டாம் என்றாள். மூடி இறங்கியது. இந்தத் தடவை அவளுக்குப் பயம் இருந்தது, ஆனால் பயத்துக்கு ஒரு வாசல் இருந்தது. ரோலிங் என்று கேட்டதும் கமலவேணி செத்தாள், கொஞ்ச நேரம் செத்தே கிடந்தாள், பிறகு இமைகளைத் திறந்து மேலே இருந்த கறுப்பு வட்டத்தை நேராகப் பார்த்துச் சிரித்தாள். வயிற்றிலிருந்து வந்தது. ஜம்புலிங்கத்துக்கும் சேர்த்து, மாடிப்படிக்கும் சேர்த்து, வில்லிவாக்கத்து ஆளுக்கும் சேர்த்து, வியாழக்கிழமை கத்தி எடுக்கப்போகிற சின்னப் பையனுக்கும் சேர்த்து. பார்த்துக்கொள்ளடா கிழவா, இங்கேதான் இருக்கிறேன்.

கைத்தாங்கலாக மானிட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். ஓட்டிக் காட்டினான். நிழல் இல்லை, ஜன்னல் பட்டை இல்லை, முழு முகம், ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. அந்தச் சுருக்கங்களுக்கு நடுவே கண்கள் திறக்கின்றன. பின்னால் நின்ற மருமகள் "ஐயோ" என்று ஓரடி நகர்ந்தாள். சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள்கூடத் தட்டோடு வந்து நின்றார்கள். பிறகு லைட்மேன் ஒருவர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். கௌதமன் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தான். தன் முன்கையைக் காட்டினான், மயிர் நட்டுக்கொண்டு நின்றது. "அம்மா. அழிக்கணும்னு சொன்னீங்க. உங்க வார்த்தை, அழிச்சிடறேன். ஆனா ஒரே ஒரு தடவை கேட்டுக்கறேன். இதை நான் படத்துல வச்சுக்கட்டுமா? எல்லாரும் அழுதுட்டு இருக்காங்க, பேரன் கண்ணுக்கு மட்டும் பாட்டி இப்படிச் சிரிக்கிறாங்க. இந்த ஒரு ஷாட்டுக்காகவே படம் நிக்கும்மா. தியேட்டர்ல ஒருத்தன் உக்காந்திருக்க மாட்டான், எல்லாரும் எந்திரிச்சு நின்னுடுவாங்க." படத்துல ஒட்டினால் அதுவும் நடிப்பாயிடும். நடிப்பை யமன் நம்ப மாட்டான். மேனன் சார் சொன்னது கமலவேணியின் காதில் அப்படியே கேட்டது. வேண்டாம் என்று சொல், இப்போதே சொல், வியாழக்கிழமை நெஞ்சு நிற்கும்போது கையில் காட்ட உனக்கு இந்த ஒன்றுதான் இருக்கிறது. யமனுக்கென்று தனியாக இன்னொன்று சிரித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, உடனே அது முடியாது என்றும் தெரிந்தது. இனிமேல் எதைச் சிரித்தாலும் அதில் தியேட்டர் ஞாபகம்தான் இருக்கும். மானிட்டரில் அவள் முகம் சிரித்தபடியே நின்றிருந்தது. அந்தக் கண்ணுக்கு எந்த ஊர்ப் பெண்ணும் புருஷன் கையைப் பிடித்துக்கொள்வாள். நெஞ்சில் ஒரு தையல் தவறியது. பயமாகத்தான் இருந்தது, சொல்லி மாளாத பயம், ஆனால் கண் அந்தத் திரையை விட்டு நகரவில்லை. "கண்ணு திறக்கறது கொஞ்சம் சீக்கிரம்ப்பா" என்றாள் கமலவேணி. "இன்னும் செத்துக் கிடக்கணும். ஜனங்க நம்பின பிறகுதான் திறக்கணும். இன்னொரு டேக் போலாம்" என்று சொல்லி, நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி எழுந்து, ஜெனிஃபரின் தோளைப் பிடித்துக்கொண்டு, பெட்டியை நோக்கி நடந்தாள்.